நடைவழிக்கு வந்த வெளிச்சம்

மாலை நடையை முடித்து மேலே வந்து மகள் கதவைத் திறந்ததும், அப்பா கையைக் குறுக்கே நீட்டி அவளைத் தடுத்தார்.

"நில்லு சிட்டு. முன்னாடி பள்ளம்."

"பள்ளம் இல்லப்பா, மிதியடி. கறுப்பு மிதியடி."

"யாருகிட்ட சொல்ற? நான் பாக்காத ரோடா?"

காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஓய்வுபெற்று, மனைவியையும் பறிகொடுத்த பிறகு, மறதி மெல்ல மெல்ல அவரைத் தின்ன ஆரம்பித்திருந்தது. மகளும் மருமகனும் பெட்டி படுக்கையோடு அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். சொந்த வீட்டில் இருந்தால் நினைவு கொஞ்சமாவது தங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த வீட்டின் நடைவழிதான் வினையாகப் போயிற்று. ஒடுக்கமானது, ஜன்னல் கிடையாது. இரு பக்கச் சுவரிலும் கரும்பழுப்புப் பலகை. பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் செருப்புக்கு ஜோடி கிடைக்கும். தினமும் வாசலில் மன்றாட்டம். எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்து மூடும். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய் முதுகில் கைவைத்து லேசாக நெட்டினாள். அவர் நிலைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தள்ளிவிடாத சிட்டு" என்று குழந்தைபோல் அழுதார்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

துணிக்கடைகளின் கண்ணாடி முகப்பை அலங்கரிப்பது அவள் தொழில். எந்த நிறம் தெருவில் போகிறவரை நிறுத்தும், எந்த வெளிச்சம் உள்ளே இழுக்கும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. அப்பாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

பெயிண்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா இது, வீட்டுக்குள்ள ஒரு சுரங்கம் வச்சிருக்கீங்க?"

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். பலகை எல்லாத்தையும் பேத்துருங்க. உள்ள வர்ற மனுஷனுக்குப் பயம் வரக் கூடாது, சந்தோஷம் வரணும்."

பலகை போனது. சுவருக்கு வெண்ணெய் நிறம் வந்தது. விளக்கு கண்ணைக் குத்தாமல் இருக்க, கூரையோரம் மறைவாகப் பதித்து, அப்பாவைப் போலவே தலையைக் குனிந்து நடந்து நடந்து பார்த்தாள். மிதியடியைத் தூக்கிப்போட்டுவிட்டு, தரையை ஒரே வெளிர் நிறமாக்கினாள். உட்கார்ந்து செருப்புக் கழற்ற ஒரு முக்காலி. பெரிய கண்ணாடி மாட்டலாம் என்றான் கணவன். அவள் வேண்டாம் என்றாள். கண்ணாடிக்குள் நிற்கும் கிழவர் யாரென்று அப்பா கேட்டால் என்ன சொல்வது?

அத்தை வீட்டிலிருந்து அவரை அழைத்து வந்தார்கள். கதவு திறந்தது. அப்பா நிற்கவே இல்லை. கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். சுவரைத் தடவினார். முகம் மலர்ந்தது. அவள் கணவனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வீடு ரொம்ப நல்லா இருக்குங்க."

அந்த 'ங்க' அவளுக்குப் புதிது. பிறந்ததிலிருந்து அவளை வாடி போடி என்றே அழைத்த வாய்.

"அப்பா... இது நம்ம வீடுப்பா."

"சும்மா சொல்லாதீங்கம்மா." கூச்சத்தோடு சிரித்தார். "எங்க வீடு இப்படி இருக்காது. கதவத் தொறந்தா ஒரே இருட்டு. ஆனா உள்ளேருந்து என் வீட்டுக்காரி, பாத்து வாங்கன்னு குரல் குடுப்பா. அந்தக் குரலப் பிடிச்சுக்கிட்டே நடந்துருவேன்." பிறகு முக்காலியின் நுனியில் அமர்ந்தார். "நேரமாயிருச்சு, அவ தேடுவா. நான் கிளம்பட்டுங்களா?"

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

"பலகைய மறுபடி அடிச்சுரலாமா?" என்று பின்னால் வந்து கேட்டான் கணவன்.

பெயிண்டர் பேத்த பலகை துண்டு துண்டாகக் குப்பைக்குப் போயிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் எல்லா விளக்கையும் அணைத்தாள். பழைய மிதியடியைத் தேடிப்பிடித்து விரித்தாள். உள்ளே நின்று, அம்மாவின் குரல் எப்படி இருக்குமோ அப்படி, "பாத்து வாங்க" என்றாள். வெளியே கணவனோடு நின்றிருந்த அப்பா வெலவெலத்துப் போனார். "யாரோ பள்ளத்துல விழுந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டு மாடிப்படியை நோக்கி ஓடப் பார்த்தார். அவள் ஓடிவந்து எல்லா விளக்கையும் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்த விளக்குகளை அவள் அணைக்கவில்லை. அப்பா மாலைதோறும் பயமில்லாமல் உள்ளே வந்தார், விருந்தாளியாக. வீட்டைப் புகழ்ந்தார். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

"வாங்க, உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"இதுல என்னங்க சிரமம்?"

ஒருநாள் டீயை உறிஞ்சியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "உங்களுக்கு அப்பா இருக்காருங்களா?"

"இருக்காருங்க."

"நல்லாப் பாத்துக்குங்கம்மா. வயசானவங்க பாவம்."

"சரிங்க" என்றாள்.

அவர் மிச்சத்தையும் குடித்து முடித்தார். காலி டம்ளரை அந்நியர் வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.