உப்புக் கப்பலின் பங்கு

ஒரு சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சிக்கு நாற்பது ரூபாய். அட்டை கிழிந்திருந்தால் முப்பத்தைந்து. பழைய புத்தகக் கடைக்காரம்மா அதற்குக் கீழே இறங்கவில்லை. "ஒரு ராஜ்யமே போயிருக்கு, நீங்க அஞ்சுக்குப் பேரம் பேசுறீங்க."

எனக்கோ பேரத்தில் மனம் ஒட்டவில்லை. ஞாயிறு மதியங்களில் என் துணிக்கடைக் கிடங்கில் ஒரு பகடை விளையாட்டு நடக்கும். நான் கதை சொல்வேன். ஆடுபவர்கள் அதற்குள் நுழைந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஆடுபவர்கள் என் மனைவியின் அண்ணன்மார் இருவர்: பெரிய மச்சான் வாள்வீரன், சின்ன மச்சான் மந்திரவாதி. தங்கள் அப்பாவின் இரும்புக்கடையைப் பிரித்து நடுவே சுவர் எழுப்பிய நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. வாள்வீரன் மட்டும் மந்திரவாதியோடு பேசுவான்.

போன வாரம் என் கதையில் வந்த டிராகனைப் பார்த்துச் சின்ன மச்சான் கொட்டாவி விட்டார். "மாப்ள, இதுவும் குகையிலதான் இருக்கா? இன்னும் ஒரு வாரம் வர்றேன், அதோட விட்டுடுங்க."

"எனக்கும் அதான்," என்றார் பெரியவர், சுவரைப் பார்த்து. வெகு நாளைக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் அது.

என் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எதையாவது படிச்சுட்டு வந்து சொல்லுங்க. அந்த மேசையும் போச்சுன்னா எங்கண்ணனுங்க அவ்வளவுதான்."

அதனால்தான் அந்தக் கடையில் நின்றேன், கதைக்குத் தீனி கேட்டு.

"டிராகன் கதை படிச்சா டிராகன்தான் வரும்," என்று கடைக்காரம்மா ராஜ்யத்தின் மேல் ஒரு விஷச்செடிக் கையேட்டையும், கோடுகள் தேய்ந்த ஒரு நிலப்படத் தொகுப்பையும், ஒல்லியான ஒரு நாவலையும் அடுக்கினார். நாவலில் ஒரு பேய்க் கப்பல். மாலுமிகள் செத்தும் உப்பு மூட்டைகளைக் காவல் காக்கிறார்கள். சரக்குக்கு வந்தேன் என்பவனைக் கடலில் தள்ளுவார்கள். காவலை மாற்ற வந்தேன் என்பவனை மட்டும் ஏற்றுவார்கள்.

வாரம் முழுக்கக் கல்லாவில் நின்றபடி படித்தேன். நாலு மீட்டர் கேட்டவருக்கு ஐந்து வெட்டினேன். அவர் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார், நல்ல மனுஷன்.

ஞாயிறன்று இருவரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். நான் மூடுபனியைக் கிளப்பினேன், கப்பலைக் கொண்டுவந்தேன், செத்த கேப்டனை மேல்தளத்தில் நிறுத்தினேன். "எதற்கு வந்தாய்?"

பெரிய மச்சான் பகடையைத் தொடவேயில்லை. "சரக்குக்கு வரல கேப்டன். உங்க காவலை மாத்த வந்திருக்கேன்."

நாவலில் இருந்த அதே பதில். அதைவிட மோசம், சின்ன மச்சானின் உதடுகளும் அதே வாக்கியத்தை முணுமுணுத்திருந்தன.

"வாள்வீரருக்கு இது எப்படித் தெரிஞ்சுது?" என்றார் சின்னவர்.

"மந்திரவாதிக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

வாசலில் நின்ற என் மனைவி சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை என்ன வாங்கினார் என்று இருவரும் புத்தகக் கடையில் தனித்தனியே விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரம்மா ஆளுக்கொரு பிரதி தள்ளிவிட்டு மூச்சு விடவில்லை. வியாபாரம் தெரிந்த பெண்.

"நீங்க பாதியில திணறினா எடுத்துக் கொடுக்கலாமேன்னு," என்று பெரியவர் மேசையைத் தேய்த்தார். சின்னவரும் தலையாட்டினார்.

படித்த கதை அத்தோடு தீர்ந்தது. புத்தகத்தில் இல்லாததை வாய்க்கு வந்தபடி சொன்னேன்: "கேப்டன் சாவியை உங்க ரெண்டு பேர் கையிலயும் கொடுத்துட்டு மறைஞ்சுட்டான். உப்பு உங்களோடது. பிரிச்சுக்கங்க."

இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்தார்கள்.

"நனைஞ்ச மூட்டை எத்தனை மாப்ள?" என்றார் பெரியவர்.

"எட்டு."

"அப்போ எட்டும் மந்திரவாதிக்கு. மந்திரம் போட்டுக் காய வைக்கட்டும்."

"பிரிக்கிறப்பெல்லாம் நனைஞ்சது என் பக்கமே வருதே, அண்ணே."

அண்ணே என்ற சொல் மேசைமேல் கிடந்தது. பெரியவர் செருப்பைக் காலால் கழற்றி ஓரமாகத் தள்ளினார். "சரிடா. ஆளுக்கு நாலு. மாப்ள, மொத்தம் எத்தனை?"

ஒற்றைப்படையாக ஓர் எண்ணைத் தேடினேன்.

இருப்பு முப்பத்தொரு மூட்டை. வாள்வீரனுக்குப் பதினைந்து, மந்திரவாதிக்குப் பதினைந்து. தீராதது ஒன்று, அது அடுத்த ஞாயிறுக்கு.