தையல்காரர் வீட்டுக் கொன்றை

இந்தக் காலத்தில் சொந்தப் பொருளுக்கு யாரிடமும் மதிப்பில்லை. அடுத்தவன் வீட்டில் இருந்தால்தான் அழகு. என் மருமகளும் அப்படித்தான். தோட்டம் போட்டுக்கொடுப்பது அவள் தொழில். வீட்டுக்குப் பின்னால் நான் வைத்திருந்த கொய்யாவைப் பிடுங்கிவிட்டு வெறும் புல்லும் ஒரு சின்னக் குளமும் வைத்தாள். மதில் தெரியாதபடி செடி வளர்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீட்டுக் கொன்றை. இங்கிருந்து பார்த்தால் அது எங்கள் தோட்டத்துக் கோடியில் நிற்பதுபோல் இருக்கும்.

"அடுத்தவன் மரத்தை நம்பித் தோட்டம் போடுறியே, அவன் வெட்டிட்டா?"

"வாயை வெக்காதீங்க மாமா."

அன்று மாலை ஓட்டல்காரம்மா ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் ஓட்டல் தோட்டம் முழுக்க இவளுக்கு. முதல் பெரிய வேலை. காலையில் பார்த்தால் கொன்றை மேல் ஒருவன் ரம்பத்தோடு நிற்கிறான்.

மருமகள் கையிலிருந்த பூவாளி சாய்ந்து கால் நனைந்தது. "மாமா..." என்றாள், அவ்வளவுதான்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தையல்காரரிடம் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என் சட்டைக்குக் கையைக் குட்டையாக வைத்துவிட்டு, அளவெடுக்கும்போது நான் தோளைத் தூக்கிக்கொண்டதாகச் சொன்ன ஆள்.

"யோவ், நல்லா இருக்கிற மரத்தை எதுக்குய்யா வெட்டுறே?"

"கத்தாதீங்க பெரியவரே. மாடிக்கு வாங்க."

மாடியில் ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் முன்னால் என்னை உட்காரவைத்தார். எங்கள் குளத்தில் பாதி தெரிந்தது. மீதியை ஒரு கிளை மறைத்தது.

"நாள் முழுக்கக் கருப்புத் துணியில கருப்பு நூல். கண்ணு எரியும். அப்பப்ப நிமிர்ந்து உங்க குளத்தைப் பார்த்துக்குவேன். அந்தக் கிளை இடைஞ்சல், அது மட்டும்தான் போகுது. மரத்துல கை வெப்பேனா?"

ஜன்னல் வழியாகவே கத்தினேன். "ஒத்தைக் கிளைதாம்மா! மரம் இருக்கும்!"

கீழே அவள் ஈரப்புல் என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் ஓட்டல்காரம்மா வந்தார். கொன்றையைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். "அது உங்க மரமா?"

"இல்லைங்க."

"அப்போ எங்க ஓட்டலுக்குப் பின்னால இருக்கிற ஏரியையும் இப்படித் தோட்டத்துக்குள்ள கொண்டுவந்து காட்டும்மா."

அவர் போனதும் மருமகள் சிரித்தாள். "பார்த்தீங்களா மாமா? அவர் மரம் நமக்கு, நம்ம குளம் அவருக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அப்போ இத்தனை நாளா குளத்தோரம் பனியனோட நான் தூங்கினதையும் அவன் பார்த்திருக்கான்ல?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஏரிக்கரையில இருக்கிறவன் பதிலுக்கு எதைப் பார்ப்பான்னும் ஓட்டல்காரம்மாகிட்ட கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, குளத்தோரம் கிடந்த என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன்.