மூக்காண்டிக்கு இரண்டாவது போஸ்டர்

மூக்காண்டி உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தவள் என்று பொன்செல்விக்குச் சங்கரன்கோவில் முழுக்கப் பெயர். ராஜபாளையம் ரோட்டில் யாரிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே அவள் கடையைக் காட்டுவார்கள். காட்டுவார்களே தவிர, உள்ளே வரமாட்டார்கள்.

நடந்தது இதுதான். போன வருஷம் ஆடித்தபசு சமயத்தில், பனவடலிசத்திரத்து மூக்காண்டியின் தம்பி இறந்துபோனார். அண்ணனும் தம்பியும் கல்யாண வீடு ஒன்றில் சேர்ந்து நின்ற படம்தான் அவசரத்துக்குக் கிடைத்தது. ஆர்டரை வாங்கியவர் போஸ்டர் அடிக்கிற ராஜா டிஜிட்டல் கடை முதலாளி பேச்சிராஜா. பொன்செல்வி அப்போது அங்கே டிசைனர்.

"அண்ணாச்சி, ரெண்டு பேர்ல செத்தது எவரு?" என்று கேட்டாள்.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே மீசைக்காரரைத் தொட்டுக் காட்டினார் பேச்சிராஜா.

"இவருதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஏட்டி, ஒனக்கு எத்தன தடவ சொல்லுதது?"

மீசைக்காரர்தான் மூக்காண்டி. தம்பியை அடக்கம் பண்ணப் போன மனுஷன், வழி நெடுகச் சுவரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் அவருடைய மகன் பாண்டிராஜ் ஆட்களோடு வந்து கடை வாசலில் சத்தம் போட்டான். பேச்சிராஜா கொஞ்சமும் யோசிக்கவில்லை. பொன்செல்வியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "இவ பாத்த வேல. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல" என்றார். டீக்கடைக் கூட்டம் வேடிக்கை பார்க்க, எல்லோர் முன்னாலும் அவளைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார். அதோடு வேலையும் போயிற்று.

அவள் வேண்டுமென்றேதான் அந்தக் கடைக்கு நேர் எதிரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு லேப்டாப், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வராத வாடிக்கையாளர்கள். தினமும் கடை திறக்கும்போது அந்த வாசலை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். அதே வாசலில் நின்று, அதே ஆட்கள் முன்னால், 'தப்பு என்னுது' என்று அந்த ஆள் சொல்ல வேண்டும். கோமதியம்மனிடம் வேறெதையும் அவள் கேட்டதில்லை. அம்மனும் நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் புரட்டாசியில் வழி பிறந்தது. டிசைனர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே அழுகை. கம்ப்யூட்டருக்குப் புதிதாக வந்திருக்கிற அப்டேட் மெஷினைச் சாகடிக்கிறதாம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்வரை, அப்டேட் உள்ளே இறங்கியிருப்பதே தெரியாது. அணைத்துப் போட்டால்தான் வினை. கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றும், தானே அணையும், மறுபடி எழும், மறுபடி சுற்றும். 'யாரும் மெஷினை அணைக்காதீர்கள்' என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். அடுத்த நாள் அதைச் சரி பண்ணுகிற வழியையும் அவரே போட்டார்.

படித்ததும் பொன்செல்விக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. பேச்சிராஜா கடை மெஷின்கள் வருஷம் பூராவும் ஓடுபவை. சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவற்றை முழுசாக அணைப்பது. ஆயுத பூஜையன்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் கை வைப்பார்கள். அந்தச் சந்தனத்தை ஒன்பது வருஷம் வைத்தவளே இவள்தான். இப்போது இவள் ஒரு சதி, ஒரு சூனியம் பண்ண வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் முத்துமணி ரோட்டைத் தாண்டி வந்தாள். பொன்செல்வி இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள். புருஷன் கேரளாவில், பிள்ளை பால்வாடியில். கையில் பொரிகடலைப் பொட்டலம். முதலாளி கொடுத்தனுப்பியது இல்லை. தனக்குக் கிடைத்த பங்கைக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். மெஷின அணைக்கப்போனா, அப்டேட் போட்டுட்டு அணைக்கவான்னு கேக்கு. அமுக்கலாமா?"

பொன்செல்வி பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒங்க மொதலாளி என்ன சொல்லுதாரு?"

"எதையாது அமுக்கித் தொல, பூசைக்கு நேரமாச்சுன்னாரு."

"பெறகென்ன? அவரு சொன்னதச் செய்யி."

முத்துமணி தலையாட்டிவிட்டுப் போனாள். பொரி நன்றாக இருந்தது. பொன்செல்வி மிச்சம் வைக்காமல் தின்றாள்.

விஜயதசமி விடிந்தபோது பனவடலிசத்திரத்திலிருந்து சேதி வந்தது. மூக்காண்டி இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டார். மாரடைப்பு. சாயங்காலம் அடக்கம். பாண்டிராஜ் நான்கைந்து பைக்கில் ஆட்களோடு ராஜா டிஜிட்டல் வாசலில் வந்து இறங்கினான். ஊரில் பாதிக் கடைகள் பூஜைக்குப் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த இரண்டொன்றிலும் இதே கறுப்புத் திரை. மெஷின் பார்க்கிற பீர் மைதீன் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தார், போன் எடுக்கவில்லை.

எதிர்க்கடையில் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பொன்செல்வி பார்த்தாள். மாலையும் குங்குமமுமாக மூன்று மெஷின்களும் சுற்றின, அணைந்தன, எழுந்தன, சுற்றின. பேச்சிராஜாவின் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது. ஆகா என்று இருந்தது அவளுக்கு. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

"எங்கப்பா மேல ஒமக்கு என்னவே கோவம்?" பாண்டிராஜ் கத்தினான். "உசுரோட இருக்கையில போஸ்டர் அடிச்சீரு, செத்தா அடிக்க மாட்டேங்கீரு!"

பேச்சிராஜா இந்தத் தடவையும் யோசிக்கவில்லை. முத்துமணியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். "இந்த மூதி எதையோ அமுக்கிக் கெடுத்துட்டா. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல."

முத்துமணி அழுதாள். பொன்செல்வி எழுந்தாள். அழுகிறவளுக்காக எழவில்லை. அந்த வார்த்தைக்காக எழுந்தாள். அட்சரம் மாறாமல் அதே வார்த்தை.

அவள் ரோட்டைக் கடந்ததைக் கண்டதும் பாண்டிராஜின் முகம் கோணியது. "இவ எதுக்கு வாரா? அன்னைக்கு இவ அடிச்ச போஸ்டர்தான் எங்கப்பா ஆயுச முடிச்சுது."

பேச்சிராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தப் பழி இப்படியே நின்றுவிட்டால் தனக்கு இந்த ஊரில் இனி கடையில்லை, பிழைப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"மெஷின நான் சரி பண்ணுதேன்" என்றாள். "போஸ்டரும் நானே அடிச்சுத் தாரேன். ஆனா மொதல்ல அண்ணாச்சி இங்கன நின்னு ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு எந்தப் படம்னு காட்டுனது யாரு?"

"ஏட்டி, எழவு வீட்டுக்காரங்க நிக்காங்க. இப்பப் போயி—"

"எழவு வீட்டுக்காரங்க கேக்கணும்னுதான் சொல்லுதேன்."

டீக்கடையில் கிளாஸ்கள் அப்படியே நின்றன. பேச்சிராஜா ரோட்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பாண்டிராஜைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினார்.

"கேக்கல அண்ணாச்சி. அன்னைக்கு என்னையச் சொல்லும்போது எம்புட்டுச் சத்தம் வந்துச்சோ, அம்புட்டு வரட்டும்" என்றாள் பொன்செல்வி.

"படத்தக் காட்டுனது நாந்தான்! போதுமா? அவ ரெண்டு தடவ கேட்டா. நாந்தான் பாக்காமச் சொன்னேன். தப்பு என்னுது."

"கும்பிட்டுச் சொல்லுங்க."

கும்பிட்டார். பாண்டிராஜ் அவரை ஏறிட்டுப் பார்த்து, காறித் துப்பிவிட்டு, பொன்செல்வியிடம், "படம் போன்ல இருக்குக்கா, அனுப்புதேன்" என்றான். அக்கா என்றான்.

அவள் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். எழும்போதே அணைத்து, மறுபடி எழும்போது அணைத்து, மெஷினின் பழுது பார்க்கும் திரையை வரவழைத்து, வந்திறங்கிய அப்டேட்டைத் தூக்கி வெளியே போட்டாள். மெஷின் உயிர் பெற்றது. சந்தோஷத்தில் அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு முழி முழிச்சீய? நாலு நாளா எங்க குரூப்புல இதே பேச்சுதான். அணைச்சாப் போயிரும்னு ஊருக்கே தெரியும்."

மூக்காண்டியின் மீசை திரையில் வந்தது. போஸ்டர்கள் சரசரவென்று விழுந்தன. பைக்குகள் கிளம்பிப் போயின. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவளை, தோளில் பையோடு முத்துமணி மறித்தாள். கண்ணீர் காய்ந்திருந்தது.

"நாலு நாளாத் தெரியுமாக்கா?"

பொன்செல்வி மறுபடி கையைத் துடைத்தாள்.

"நேத்து வந்து கேட்டேன்லா. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. என்னைய எதுக்குக்கா தெருவுல நிக்க வச்சீய?"

"நான் எங்க நிக்க வச்சேன்? அந்தாளுல்லா..."

"அவரு தப்ப அவரு இங்கன நின்னு சத்தமா ஒத்துக்கிட்டாரு." முத்துமணி அவ்வளவுதான் சொன்னாள். பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். இனி அந்தக் கடைக்கு அவள் வரப்போவதில்லை. எதிரே பொன்செல்வி கடைக்கும்தான்.

டீக்கடைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. பேச்சிராஜா வாசல் கதவில் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் மெல்ல ஒரு களை திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பொன்செல்விக்குப் பற்றி எரிந்தது. ஒரு வருஷம் காத்திருந்து வாங்கியதை ஒரு நாள்கூட வைத்திருக்க விடமாட்டாளா இந்தப் பாவி மகள்?

முத்துமணி பூக்கடையைத் தாண்டிவிட்டாள்.

"ஏட்டி முத்துமணி!" பொன்செல்வி நடுரோட்டில் இறங்கிக் கத்தினாள். "தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்! தப்பு என்னுது!"

கத்திவிட்டு, பேச்சிராஜாவின் பக்கம் திரும்பாமலே, கும்பிட்டாள்.