இரண்டரை வேகத்தில் விஜயசங்கர்

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தும் விஜயசங்கருக்குத் தன் குரல்மேல் தீராத காதல். கோயில் கொடைத் திருவிழாவில் பிள்ளை காணாமல்போன அறிவிப்பை அவர் மைக்கில் வாசித்தால், பெற்றவர்களே ரசித்து நின்றுவிடுவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம் அவர் வகுப்பில் முத்துசெல்வி சேர்ந்தாள். இலத்தூர்க்காரி, கண்பார்வை இல்லை. டைப் செய்த பாடங்களைப் போனே அவளுக்கு வாசித்துச் சொல்லிவிடும். ஆனால் விஜயசங்கர் தந்த குறிப்புகளெல்லாம் கையால் எழுதி போட்டோ பிடித்தவை. அவர் கையெழுத்தில் போனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"டைப் அடிச்சுத் தந்தீங்கன்னா போதும் சார்," என்றாள்.

"மெஷின் குரல்லயா சோழர் வரலாறு கேப்ப? நானே பேசித் தாரேம்மா."

சாரல் காலம். குற்றாலத்தில் குளிக்க வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருந்தது. எல்லாரையும் அருவிக்கு விரட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தார். போர்க்களத்தில் முழங்கினார், மன்னன் இறந்தபோது தழுதழுத்தார். ஈரத்துண்டோடு திரும்பிய மாமனார் கதவைத் தட்டி, "மாப்ளே, யாரு போயிட்டா?" என்று பதறினார்.

மறுவாரம் கல்லூரி மரத்தடியில் முத்துசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் போனில் யாரோ கடுகு பொரிவதுபோல் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா கேக்குத? புளியங்குடி எலுமிச்சை ஏலமா?" என்றார் அந்தப் பக்கம் வந்த விஜயசங்கர்.

அவள் தயங்கினாள். "நீங்கதான் சார்."

"நானா?"

"இரண்டரை மடங்கு வேகத்துல வச்சிருக்கேன். சும்மா வச்சா செமஸ்டரே முடிஞ்சிரும் சார்."

அந்த நேரம் பார்த்துப் போனில் மன்னன் இறந்தான். விஜயசங்கரின் தழுதழுப்பு ஒரு விக்கல்போலக் கடந்துபோனது.

"கப்பற்படை எங்கன வருதுன்னு தேடவும் முடியல சார். முதல்லருந்து கேக்கணும். டைப் பண்ணித் தலைப்பு தலைப்பா போட்டீங்கன்னா நேரா அங்கன போயிருவேன்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தைக் கேட்ட மனைவி உமா மகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு அந்த பட்டன் கிடைக்கலையே!"

பிறகு அவளே லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததில் முழக்கங்கள் தாமாகக் குறைந்தன. கிளைக்கதைகள் உதிர்ந்தன.

டைப் செய்த பாடத்தைப் போனில் கேட்டுவிட்டு, "இப்ப தெளிவா இருக்கு சார்," என்றாள் முத்துசெல்வி. மாலைக்குள் வகுப்பே அதை வாங்கிப் பகிர்ந்துகொண்டது. கடைசி பெஞ்சு பேச்சிராஜ் வராந்தாவில் வழிமறித்து, "சார், பாடம் இவ்வளவுதானா? முதல்லயே சொல்லிருக்கலாமே!" என்று உருகினான்.

விஜயசங்கர் முறைத்தார். அடுத்த பாடத்தில் ஒரு யுத்தம் வருகிறது. அதில் ஒரு பத்தியாவது அலங்காரமாக எழுதியே தீருவது என்று முடிவுசெய்துகொண்டு வகுப்புக்கு நடந்தார்.