சாற்றாத பாட்டு

லீட்ஸ் நகரத்து வாடகை அறையொன்றில் சஹானா பாடிய முதற்பாட்டின் கடைசிச் சுரம் ஒன்பது ஆண்டுகளாக ஓயவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினார்கள், ஒலிபெருக்கியைக் கைமாற்றிவிட்டார்கள், அது நின்றபாடில்லை. குழுவினர் நால்வரின் தலைக்குமேல் வண்டின் ரீங்காரமாய் நின்று, அவர்கள் போகுமிடமெல்லாம் போயிற்று. விமானங்களில் அதற்கு யாரும் இருக்கை கேட்கவில்லை.

படிக்கப்போன ஊரில் டிரம் வாசிக்கும் ஓவனோடும், ஹேஸல், ரோரி என்ற இரு கிட்டார்க் கலைஞர்களோடும் சேர்ந்து அவள் அமைத்த ராக் குழுவுக்கு ‘இரவல் குடைகள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். முதற்பாட்டின் மெட்டை அவள் பெங்களூரிலுள்ள தன் அல்சூர் வீட்டிலிருந்து எடுத்திருந்தாள். அங்கே மாலைதோறும் அக்கம்பக்கத்து வைணவக் கோஷ்டியார் கூடிப் பாசுரம் சேவிப்பர்; முடிவடியை இருமுறை சொல்வர். இரண்டாம் முறை சொன்னால்தான் பாட்டு நிறைவுற்றுச் சாற்றப்பட்டதாகும். பெருமாள் திருவடியில் போய் அமரும். “ஒருமுறை போதும், எங்கள் ஊரார் செவிடர்கள் அல்லர்” என்றான் ஓவன். அவளும் விட்டுவிட்டாள்.

விட்ட குறையே அவர்களை வாழவைத்தது. கிளாஸ்கோவிலும் பிரைட்டனிலும் அந்த ஓயாச் சுரத்தைக் கேட்கவே கூட்டம் நெருக்கியது. ஆல்பங்கள் நான்கு வந்தன. உறக்கமின்றி விலகிய ரோரி, நிசப்தத்தில் உறக்கம் வராமல் திரும்பிவந்தான். சுரம் ஓயாததன் காரணம் சஹானாவுக்குத் தெரியும். புகழ் போய்விடுமென்று அஞ்சி அதைச் சொல்லாதிருந்தாள். சுரமோ ஆண்டுக்கு ஆண்டு இழையளவாய் மேலேறியது. அது கடந்துவந்த சுரநிலைகளில் அவள் பாடினால் உதடு அசைந்தது, ஓசை பிறக்கவில்லை. பெங்களூர்க் கச்சேரிக்கு வந்திறங்கியபோது மேல்ஸ்தாயியில் நான்கு சுரங்களே அவளிடம் எஞ்சியிருந்தன.

அல்சூர் வீட்டுக் கதவைத் திறந்த தாய் தமயந்தி மகளைப் பார்க்குமுன் அந்தச் சுரம் அவள் காதில் விழுந்தது. “ஏண்டீ, இதையும் கூட்டிண்டு வந்துட்டியா? வாசலோட நிக்கச் சொல்லு. பாதியில விட்டதெல்லாம் கூடத்துக்குள்ள வரப்படாது.”

“அசோசியேஷன் வாட்ஸ்அப்ல கம்ப்ளைன்ட் வந்தாச்சு அக்கா, யாரோ போர்வெல் போடறான்னு” என்றான் தம்பி சுஹாஸ். சஹானா சிரிக்க முயன்றாள். சிரிப்பும் பாதிதான் கேட்டது.

ஒயிட்ஃபீல்டு மைதானத்தில் மேடையேறுமுன் ஓவனிடம், இன்று இரண்டாம் முறையும் பாடப்போவதாகச் சொன்னாள். அவன் முகம் வெளிறியது. “அது போய்விட்டால் நம்மைக் கேட்க யார் வருவார்கள்?” அவள் மேடையேறினாள். முன்வரிசையில், சுஹாஸ் வாங்கித்தந்த பாஸை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, அல்சூர்க் கோஷ்டியார் வரிசை குலையாமல் அமர்ந்திருந்தனர்.

எஞ்சிய நான்கு சுரங்களுக்குள்ளேயே ஒடுங்கி, கயிற்றின்மேல் நடப்பவளைப்போல் அவள் முடிவடியை ஒருமுறை பாடிக் கரைசேர்ந்தாள். மறுமுறைக்கு மூச்செடுத்தாள். தலைக்குமேல் நின்ற சுரம் சட்டென்று எழும்பி அந்த நான்கையும் விழுங்கிற்று. வாய் திறந்திருந்தது, குரல் இல்லை. ஓவன் குச்சியை ஓங்கியவாறே உறைந்தான். ஹேஸல் தந்திகளின்மேல் கை வைத்து அடக்கினாள். ஆயிரமாயிரம் பேர் மூச்சுவிட அஞ்சிய அவ்வேளையில், முன்வரிசையிலிருந்த கோஷ்டியின் மூத்தவர் ஆதிகேசவன், ஆயுட்காலப் பழக்கத்தால், எங்கிருக்கிறோம் என்பதையும் மறந்து, கண்மூடி அவ்வடியை மீண்டும் எடுத்தார். கோஷ்டி முழுதும் தொடர்ந்தது. ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்குத் தெரியா; மெட்டு தெரியும்.

சுரம் இறங்கத் தொடங்கியது. தான் ஏறிய படிகளிலெல்லாம் விழுங்கியதை வைத்துவிட்டு இறங்கியது. பாதிவழியில் சஹானாவின் குரலும் கோஷ்டியோடு கலந்தது. அடி முடிந்தபோது மைதானத்தில் மழைவிட்ட பின்னான அமைதி. “இவ்வளவுதானா?” என்று ஒரு பையன் கேட்டது கடைசி வரிசைவரை எட்டியது.

இரவல் குடைகள் இன்று முடிகின்ற பாட்டுகளைப் பாடுகின்றனர். கூட்டம் பாதியாகிவிட்டது, சஹானாவின் குரல் முழுதாயிருக்கிறது. சுரம் அன்று கோஷ்டியாரோடு மெட்ரோ ஏறி அல்சூருக்குப் போய்விட்டது. பாசுரம் தொடங்குமுன் அதுவே மெல்லச் சுருதி கொடுப்பதால், எந்தச் சுருதியில் எடுப்பது என்ற கோஷ்டியாரின் நெடுநாள் தகராறு அங்கே ஓய்ந்தது. பாசுரம் முடிந்து சாற்றுமுறை ஆனதும் எல்லாருக்கும் புளியோதரை வழங்கும் தமயந்தி, கூடத்து மூலையில் அதற்கும் ஒரு தொன்னை வைக்கிறாள். தொன்னை காலியாகவே திரும்புகிறது.