பாதிப் பருத்தி

மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. புல்லம்மாவுக்கு அதிலேயே பாதி தெம்பு வந்துவிட்டது. முன்பெல்லாம் இந்தக் கழிவுமேட்டில் வெட்டினால் தகரத்தைத் தட்டியதுபோல் கையதிரும். தாதுவைப் பிரித்தபின் சுரங்கம் கொட்டிய ஈயமும் துத்தநாகமும் கலந்த சாம்பல்நிறத் தூள். புழு பூச்சிகூட எட்டிப்பார்க்காத செத்த மண். அதில்தான் வெட்டிவேர்ப் புல்லை நட்டுக் காட்டினாள் இந்த மண் ஆராய்ச்சிக்காரி. வாங்கிய பட்டம் பெயர்ப்பலகையோடு சரி, சுரங்கத்தில் எல்லோருக்கும் அவள் புல்லம்மாதான். வேர் கசியவிடும் இனிப்பைத் தின்ன நுண்ணுயிர்கள் வரும், அவை வந்தால் மண் பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. மேடு முழுக்கக் கான்கிரீட் போர்த்திவிடலாம் என்று கலவை லாரியையே வரவழைத்து நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் கடைசியாக ஒரு சோதனைக்கு மட்டும் தலையாட்டியிருந்தார். மொட்டைச் சரிவில் ஒரு பருத்தித் துணி, புல்லுக்கடியில் ஒரு பருத்தித் துணி என்று புதைத்திருந்தாள். மண்ணில் உயிர் இருந்தால் துணியைத் தின்றிருக்கும்.

மொட்டைச் சரிவின் துணி முழுசாக வந்தது. எதிர்பார்த்ததுதான். அடுத்து, புல்லடியில் தோண்டி இழுத்தாள்.

அதுவும் முழுசாக வந்தது.

"என்ன மேடம், இஸ்திரி போட்டு வச்ச மாதிரி இருக்கு?" என்றார் மேலாளர். லாரி டிரைவர் பீடியை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குடை பிடிக்க வந்திருந்த கணவர், ஊரறிந்த தையல்காரர், குடைக்குள்ளேயே ஒளியப் பார்த்தார். துணி வெட்டிக் கொடுத்தது அவர்தான்.

"என்னங்க, இது என்ன துணி?"

"நல்ல பருத்தியப் போயி விஷ மண்ணுல புதைக்கிறதான்னு மனசு கேக்கல. டெரிகாட்டன் வெட்டிக் குடுத்தேன். ரெண்டுமே ஒரே பீஸுதான்."

வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிறேன் என்று கண்ணாலேயே சொன்னாள். அடுத்த நொடி, ஏதோ பொறி தட்டியது.

"அதுல பருத்தி எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி. மிச்சம் பாலியஸ்டர்."

அவள் முகம் மாறியது. இரண்டு துணிகளையும் வாளித் தண்ணீரில் அலசினாள். மொட்டைச் சரிவின் துணியை வெயிலுக்கு நேரே பிடித்தாள், வெளிச்சம் மட்டுப்பட்டது. புல்லடித் துணியை மேலாளர் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சுப் பாருங்க சார். பருத்திய மட்டும் தின்னுட்டு பாலியஸ்டர மிச்சம் வச்சிருக்கு. தின்ன ஆள் இல்லாம சோறு காலியாகுமா?"

அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கினார். துணி கொசுவலையாகியிருந்தது. அதன் கண்களுக்கு அப்பால் புல் அசைந்தது. லாரியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கையசைத்தால் வண்டியை எடுக்கலாமென்று டிரைவர் அவரையே பார்த்தான். அவருடைய இரண்டு கைகளும் துணியை விடவில்லை.