மிலாறுக்கட்டு முடிச்சு

விடுதியிலிருந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் மண்பாதை முடிகிற இடத்தில், நிரஞ்சன் கயாக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் கொழும்பிலிருந்து தூண்டில் போட ஆட்கள் வருகிறார்கள். எந்தப் பக்கம் மீன் இரை எடுக்கிறது என்று அதற்குள் பார்த்து வைக்க வேண்டும்.

ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்பு போடும் ஒடுக்கமான பிளாஸ்டிக் படகு அது. இருக்கைக்குப் பின்னால் மூன்று குழாய்கள், அவற்றில் மூன்று தூண்டில் கம்புகள். ஒவ்வொரு கம்பின் பிடியிலிருந்தும் இரண்டு முழ நைலோன் கயிறு போய், படகில் பதித்த வளையத்தில் முடிந்திருந்தது. கத்தியை உள்ளே வைத்து மூடிய இரைப்பெட்டியைச் சுற்றி ஒரு கயிறு, துடுப்புக்கு ஒன்று. படகோடு வந்த கொக்கி வைத்த கயிறுகளை அவன் கழற்றி எறிந்து பல நாளாகிவிட்டது. போன மழைக்காலத்தில் அப்படியொரு கொக்கி தானாகத் திறந்து, விலை கூடிய கம்பு ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

விடுதிக்காரர் பைஸர் அன்று சத்தம் போடவில்லை. "இன்னொரு சாமான் தண்ணிக்குப் போனா, நீயும் தோட்டத்துக்கே போயிரு நிரஞ்சன். நான் வேற ஆள் பாத்துக்குவேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

தேயிலைத் தோட்டம் என்றால் கவ்வாத்து, செடிகளைக் கத்தியால் வெட்டித் தாழ்த்துவது. நிரஞ்சனுக்கு அது போதும் போதும் என்றாகிவிட்ட வேலை. அட்டைக்கடியும், குனிந்து குனிந்து போன இடுப்பும், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணியின் வாயும். ஆனால் கவ்வாத்து அவனுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்பார்கள், விறகுக்காகக் கட்டித் தலையில் வைத்துச் செங்குத்தான மலையில் இறங்க வேண்டும். வழியில் கட்டு அவிழ்ந்தால் அத்தனையும் பள்ளத்துக்குப் போய்விடும். ஆகவே மிலாறுக்கட்டுக்குப் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். நனைந்தால் இன்னும் இறுகும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கத்தியால் வெட்டித்தான் பிரிப்பார்கள். அந்த முடிச்சைத்தான் நிரஞ்சன் கயாக்கில் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தான். அதற்குப் பிறகு ஒரு சாமானும் தொலையவில்லை.

முந்தின நாள் மாலை மட்டும் தொலையப் பார்த்தது. நீர்த்தேக்கத்து நடுவில் இருக்கும் தீவு ஓரமாக எறிந்த பொய் இரை, யாரோ கட்டியிருந்த வலையில் தன் மூன்று கொளுக்கியையும் மாட்டிக்கொண்டது. இழுத்தான், சுற்றினான், வரவில்லை. நூலை வெட்டினால் இரை போய்விடும். அவன் வலையை வெட்டினான்.

இப்போது பனி கலையாத தண்ணீரில் அவன் நடுவுக்கு வந்தபோது, அந்த வலைக்காரர்களின் ஃபைபர் படகு பக்கவாட்டில் வந்து கயாக்கை உரசி நின்றது. தோட்டத்துக் கீழ் லயன் வீடுகளில் இருக்கும் அழகுமுத்துவும் அவன் தம்பி சின்னத்தம்பியும். சின்னத்தம்பி கவ்வாத்தில் நிரஞ்சனோடு ஒரே நிரையில் வெட்டியவன்.

"என்னாங்க தொர, மீன் புடிக்கவா, வல அறுக்கவா?" என்றான் அழகுமுத்து.

"என்னண்ணே, காலையிலயே?"

"தீவு ஓரத்து வல ரெண்டா கெடக்கு. யாரு அறுத்தா?"

"எனக்கு எப்புடிண்ணே தெரியும்? பெரிய கெண்ட ஏதாச்சும் கிழிச்சிருக்கும்."

"கேட்டியாடா தம்பி? இங்க உள்ள கெண்டையெல்லாம் கத்தி வச்சிக்கிட்டுத் திரியுதாம்."

சின்னத்தம்பி சிரிக்கவில்லை. "மேல ரோட்டுல நின்னு பாத்தேன் நிரஞ்சா. நீ குனிஞ்சி அறுத்தத என் கண்ணால பாத்தேன்."

ஆமாம் என்று சொல்ல ஒரு கணம் போதும். ஆனால் சொன்னால் மத்தியானத்துக்குள் அது பைஸரின் காதுக்குப் போகும். வலைக்காரர்களோடு தகராறு என்றால் அவர்கள் விடுதியின் கயாக்கை இறக்கவே விடமாட்டார்கள், பிறகு இந்த வேலையும் இல்லை. நிரஞ்சன் சின்னத்தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னான்:

"அது நான் இல்ல. வேற யாரையோ பாத்திருக்க."

"பொய்யி" என்றான் அழகுமுத்து. "எங்க வீட்டுப் பொம்பளைங்க ராவெல்லாம் முழிச்சி முடிஞ்ச வலடா அது. ஒன் கம்பு ஒண்ண ஒடிச்சாத்தான் ஒனக்குத் தெரியும்."

அவன் எட்டி நடுக் கம்பைப் பிடித்து உருவினான். கம்பு குழாயை விட்டு வந்தது, கயிறு விடவில்லை. இழுத்தான், கயாக் சாய்ந்தது. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலைப் படகு விளிம்பில் ஊன்றி இழுத்தான்.

"விடுண்ணே! கவுந்துரும், விடு!"

"கவுறட்டும்!"

நிரஞ்சன் துடுப்பின் விளிம்பால் அந்தக் கையில் அடித்தான். ஓர் அடிக்கு விடவில்லை. இரண்டாம் அடியில் விரல் எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அழகுமுத்து வலியில் கத்திக்கொண்டு மற்றக் கையால் நிரஞ்சனின் தலைமயிரைப் பற்றி, முகத்தைக் கயாக்கின் விளிம்பில் மோதினான். மூக்கு உடைந்தது. வாய் நிறைய இரத்தத்தோடு நிரஞ்சன் மறுபடி துடுப்பை வீச, அது காதோரம் பட்டு, அழகுமுத்து நிலைதவறிக் கயாக்கின் மேலேயே விழுந்தான். கயாக் கவிழ்ந்தது.

பாதுகாப்புச் சட்டை நிரஞ்சனை மேலே தூக்கிவிட்டது. இருமிக்கொண்டே சுற்றிப் பார்த்தான். கயாக்கின் மஞ்சள் அடிப்பாகம் மட்டும் மிதந்தது. அழகுமுத்துவைக் காணவில்லை. படகு ஒருமுறை குலுங்கியது. அடியிலிருந்து யாரோ இழுக்கிறார்கள்.

கையை உள்ளே விட்டான். கம்பளிச் சட்டை தட்டுப்பட்டது. அதில் இரண்டு கம்புகளின் கொளுக்கிகளும் குத்திக் கிழித்து மாட்டியிருந்தன. மணிக்கட்டு கயிற்றில். கயிறு வளையத்தில். அந்தக் கை அவன் கையை இறுக்கிப் பிடித்தது. நிரஞ்சன் கயாக்கைப் புரட்டப் பார்த்தான். ஆள் பாரம் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டது. முடிச்சைத் தேடிப் பிடித்து நகத்தால் கீறினான். கல்லாக இருந்தது. அவன் கத்தி இரைப்பெட்டிக்குள். பெட்டியைச் சுற்றியும் அதே கட்டு.

"சின்னத்தம்பி! கத்தி! ஒன் கத்தியக் குடு!"

சின்னத்தம்பி படகில் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் மீன் அறுக்கும் கத்தி கிடந்தது. தண்ணீரில் இரத்த முகத்தோடு ஒருவன், ஒரு கையைக் கயாக்குக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, கத்தி கேட்கிறான்.

"அண்ணன அமுக்கிக்கிட்டு ஒனக்குக் கத்தி வேணுமா?"

"கயித்துல மாட்டிக்கிட்டாருடா! சத்தியமா! கத்தியக் குடு!"

"பொய் சொல்லாதடா!"

சின்னத்தம்பியின் துடுப்புக் கட்டை நிரஞ்சனின் தோளில் இறங்கியது. அடுத்தது தலையில். அவன் கையை எடுக்கவில்லை. மூன்றாவது அடியில் கண் இருண்டு கை நழுவியது. அப்போதும் அழகுமுத்து மேலே வரவில்லை. ஓங்கிய கட்டையோடு சின்னத்தம்பி அப்படியே நின்றான். நிரஞ்சன் எட்டத்தில் மிதந்தான், யாரும் யாரையும் அமுக்கவில்லை, கயாக் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கத்தியை எடுத்துக்கொண்டு அவன் குதித்தான். கயிறு அறுந்தது, சட்டையைக் கிழித்தான், மறுபடி மூழ்கி எதையோ அறுத்தான். அண்ணனின் தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தபோது கயாக்கின் குலுக்கல் நின்று சிறிது நேரமாகியிருந்தது.

இருவருமாகத்தான் கரைக்கு இழுத்தார்கள். நிரஞ்சனின் ஒரு கை வேலை செய்யவில்லை. சின்னத்தம்பி அண்ணனைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினான், புரட்டி வாயில் ஊதினான், கன்னத்தில் அறைந்தான். "எந்திரிண்ணே, எந்திரி" என்று நெஞ்சில் குத்தினான். வாயிலிருந்து தண்ணீரும் நுரையும் வந்தன. வேறொன்றும் வரவில்லை. மணிக்கட்டில் இரண்டு சுற்றுக் கயிறு தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூவிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.

சின்னத்தம்பி நிமிர்ந்தான். கத்தி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"வலைய அறுத்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

நிரஞ்சன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். "அறுத்தேன்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"வேல போயிரும்னு."

சின்னத்தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "அப்பவே ஆமான்னு சொல்லியிருந்தா, கயித்துல மாட்டிக்கிட்டாருன்னு நீ சொன்னதயும் நம்பியிருப்பேன்டா. கேட்டதும் கத்தியத் தூக்கிப் போட்டிருப்பேன்."

கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். அதைத் தூரத் தண்ணீருக்குள் எறிந்தான். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்தான்.

நிரஞ்சன் எழும்பவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. அவன் மல்லாந்ததும் சின்னத்தம்பி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, உடைந்த தோளில் முழங்காலை ஊன்றி அடித்தான். அழுதுகொண்டே அடித்தான். கல் கைநழுவிப் போனதும் முட்டியால் அடித்தான். பெண்கள் வந்து, கூடைகளைப் போட்டுவிட்டு, அவன் கையையும் சட்டையையும் பிடித்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது. அப்போதும் காலால் ஓர் உதை விட்டான்.

"செத்துருவான்டா, விடுடா!" என்று ஒருத்தி அலறினாள்.

பைஸர் விடுதியிலிருந்து ஓடிவந்தார். கிடந்த இருவரையும் பார்த்தார். அழகுமுத்துவின் கண்களை மூடிவிட்டு நிரஞ்சன் பக்கம் குனிந்தார். வீங்கிய இமைகளுக்குள்ளிருந்து நிரஞ்சன் அவரைக் கண்டுகொண்டான். உதடு அசைந்தது. அவர் காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

"கம்பு ஒண்ணு போயிருச்சி மொதலாளி" என்றான். "கயித்த அறுக்க வேண்டியதாப் போச்சி."

பைஸர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அவன் வாயில் வழிந்த இரத்தத்தைத் துடைக்கத் தொடங்கினார்.